வண்டி மையும் கிரீஸும்

மாட்டு வண்டி வைத்திருந்த வீடுகளில் வண்டி மை தீர்ந்துபோக விடமாட்டார்கள். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியைப் பொடித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. எண்ணெய் கூடினால் ஒழுகும். கரி கூடினால் இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவில், விரலில் எடுத்தால் சொட்டாமல் ஒட்டி நிற்கும் பதம் ஒன்று உண்டு. அதைக் கையால்தான் பார்த்தார்கள். குழைத்த மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். வழியில் சக்கரம் முனகத் தொடங்கினால் அங்கேயே இறங்கித் தடவிக்கொள்ளலாம்.

மை போடுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கத்து இருசுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புவார்கள். கடையாணியைத் தட்டி எடுத்துவிட்டுச் சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்தால் இருசின் முனை தெரியும். முன்பு போட்ட மை, மண்ணும் இரும்புத் துகளும் ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். அதை ஓலைத் துண்டால் வழித்துவிட்டுப் புது மையைச் சுற்றிலும் தடவி, சக்கரத்தைத் தள்ளிக் கடையாணியைச் செருக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் சக்கரத்தின் குடம் விரிந்திருக்கிறதா, ஆரக்கால் ஆடுகிறதா, இரும்புப் பட்டை கழன்றிருக்கிறதா என்று மூன்றும் பார்த்தாகிவிடும். தனியாக யாரும் வண்டியைச் சோதித்ததில்லை. மை போடுவதே சோதனையாக இருந்தது.

வழித்தெடுத்த பழைய மை குப்பைக்குழிக்குப் போகும். பிறகு எருவோடு எருவாக வயலுக்குப் போகும். கரியும் தாவர எண்ணெயும் மட்கிப்போகிறவை, மண்ணுக்கு அதனால் கெடுதல் இல்லை. கெடுதல் வேட்டிக்குத்தான். வண்டி மைக்கறை வெளுத்தாலும் முழுதாகப் போகாது. கோடையில் மரம் காய்ந்து சக்கரம் தளர்ந்தபோது வண்டியையே கண்மாய்க்குள் இறக்கித் தண்ணீரில் நிறுத்துவார்கள். மரம் ஊறி இறுகும். அப்போதும் இருசிலிருந்து ஓர் எண்ணெய்ப் படலம் தண்ணீரில் மிதந்திருக்கும். சில நாளில் அது இருந்த சுவடே இருக்காது.

இப்படி ஓடிய வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடியவர். நாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மாட்டு வண்டிகள் இருப்பதாக அவர் கணக்குச் சொன்னார். உராய்வு குறைந்தால் மாட்டின் கழுத்துக்குச் சுமை குறையும் என்பது அவருடைய வாதத்தின் மையம். மதுரைச் சீமையில் அது பாதி நடந்தது. மரச் சக்கரத்தின் இடத்துக்கு ரப்பர் டயர் வந்தது. குடத்துக்குள் பால் பேரிங் வந்தது. டயர் வண்டி வந்த நாளில்தான் விளக்கெண்ணெய் மை போய், தகர டப்பாவில் அடைத்த கிரீஸ் உழவர் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது என்று சொல்லலாம். மாட்டின் பாடு குறைந்தது. மையைக் குழைத்த கை, கடைக்குப் போய் வாங்கும் கையானது.

டிராக்டர் அதற்குப் பின்னால் வந்தது. 1951-இல் இந்தியா முழுவதிலுமே சுமார் 8,600 டிராக்டர்கள்தான் இருந்தன. 1961-இல் சுமார் 31,000. இன்றைக்கு நாட்டில் ஓர் ஆண்டில் விற்பதே 8 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 1960-இல் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு மாஸி பெர்குசன் டிராக்டர்கள் சென்னையில் தயாராகின. பிற்காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியிலேயே அந்த நிறுவனத்தின் ஆலை ஒன்று வந்தது. வண்டி மை குழைத்த கரிசல் சீமையிலேயே டிராக்டரும் தயாராகிறது.

டிராக்டருக்கு இங்கே வேலை கொடுத்தது தண்ணீர். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்தது; 1959-இல் வைகை அணை வந்தது. கள்ளந்திரி மதகு வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கரும் திருமங்கலம் பகுதியில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். மதகு திறந்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வயலைச் சேறாக உழுது தொழி அடிக்க வேண்டும். ஒரு சோடி மாடு நாளெல்லாம் நின்றால் அரை ஏக்கர் போல உழும். டிராக்டர் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் போகும். தண்ணீர் வந்துவிட்ட பிறகு மாட்டுக்காகக் காத்திருக்க ஆளில்லை. ஆனால் தொழியில் இறங்கிய டிராக்டர் வறண்ட நிலத்தில் ஓடும் டிராக்டரைப் போல இல்லை. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி முழங்கால் சேற்றில் சுற்றும்போது முன் அச்சு முழுக்கச் சேற்றுத் தண்ணீருக்குள் நிற்கும். நுண்மணலும் களியும் ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் புகப் பார்க்கும். புகாமல் தடுப்பது கிரீஸ் ஒன்றுதான். காலையில் முதலாளி டிரைவரிடம் கேட்கும் முதல் கேள்வி அதனால்தான், "கிரீஸ் அடிச்சாச்சாப்பா?" என்று இருந்தது. சாப்பிட்டாயா என்பது அதற்கு அப்புறம்.

கிரீஸ் அடிக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய மாஸியிலோ மகிந்திராவிலோ முன் அச்சின் நடுவில் ஒரு சென்டர் பின். இரு ஓரங்களில் இரண்டு கிங்பின். ஸ்டீயரிங் இணைப்புகள், கிளட்ச் பெடல், பிரேக் பெடல் சுழலும் தண்டுகள், பின்னால் கலப்பையை ஏற்றி இறக்கும் கையில் லெவலிங் பாக்ஸ். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு நிப்பிள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆஸ்கர் செர்க் 1929-இல் காப்புரிமை பெற்ற வடிவம். உள்ளே ஒரு குண்டுமணியும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும், அவ்வளவுதான். கிரீஸ் உள்ளே போகும், திரும்பி வராது. இன்று உலகத்தின் எந்த மூலையில் உழும் டிராக்டரிலும் இந்தக் குமிழ் இருக்கும்.

கிரீஸ் கன்னை நிரப்புவதில்தான் அசிங்கம் தொடங்கும். வெளிநாடுகளில் கன்னுக்குள் அப்படியே செருகும் குழல்களில் கிரீஸ் கிடைக்கிறது. இங்கே டப்பாவிலிருந்து கையால் அள்ளி அடைப்பதுதான் நெடுநாள் வழக்கம். அள்ளும்போது நடுவே காற்று மாட்டிக்கொண்டால் பத்துத் தடவை அடித்தாலும் கிரீஸ் வராது. கன்னைத் தரையில் தட்டித் தட்டி, உள்ளங்கையால் அமுக்கி, இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். அதற்குள் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கிரீஸாகியிருக்கும். கன்னின் கைப்பிடியும், அது பட்ட இடமும், நெற்றி வியர்வையைத் துடைத்த துண்டும் கூட.

பிறகு நிப்பிளைத் துடைக்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். துடைக்காமல் கன்னை வைத்தால் நிப்பிளின் தலையில் ஒட்டிய மணலும் கிரீஸோடு சேர்ந்து உள்ளே போய்விடும். கரிசல் மண்ணாக இருந்தாலும் மேலூர்ப் பக்கத்துச் செம்மணலாக இருந்தாலும், கிரீஸில் கலந்த மண் கிங்பின்னை நாளுக்கு நாள் அரைத்துத் தேய்க்கும். துடைத்துவிட்டுக் கன்னை நேராக அழுத்தி நெம்புகோலை இழுத்தால், கொஞ்ச நேரத்தில் இணைப்பின் ஓரத்தில் முதலில் கறுப்பாக, தண்ணீர் கலந்து வெளுத்த திட்டுகளோடு, பழைய கிரீஸ் பிதுங்கும். அடிக்க அடிக்க நிறம் தெளியும். புது கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். நல்ல டிரைவருக்கு இந்தப் பழைய கிரீஸ் ஒரு செய்தி. வெள்ளையாக வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுப்பாக வந்தால் உலோகம் தேய்கிறது. எவ்வளவு அடித்தும் ஒன்றுமே வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. கழற்றி டீசலில் ஊறவிட்டுக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும்.

அதில் ஆபத்தும் உண்டு. கையால் இழுக்கும் சாதாரண கிரீஸ் கன் ஒரு சதுர அங்குலத்துக்கு 5,000 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் தரக்கூடியது. அடைத்த நிப்பிளை விரலால் பொத்திக்கொண்டு அடித்தால் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும். உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கும். வலி இல்லையே என்று வீட்டில் இருக்கக் கூடாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. பெரும்பாலும் சொல்வதில்லை.

கிரீஸ் கையில் ஏறிய பிறகு அதைப் போக்கும் வழிகளும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. அன்றைக்கு முதலில் நூல் வேஸ்ட். மதுரையில் 1892-இல் ஓடத் தொடங்கிய ஹார்வி மில்லும் அதற்குப் பின் வந்த பல மில்களும் இருந்ததால் இந்த ஊரில் கழிவு நூலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பட்டறைகளில் அதைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருப்பார்கள். அது கிரீஸை நன்றாக உறிஞ்சும், ஆனால் இழை பிரிந்து பேரிங்குக்குள் சிக்கிக்கொள்ளும். இன்று அந்த இடத்தைப் பனியன் துணி வெட்டுத் துண்டுகள் பிடித்திருக்கின்றன. இழை பிரியாது, கிலோக் கணக்கில் கிடைக்கும்.

துடைத்த பிறகு கழுவ வேண்டும். வயலில் நின்றவர்கள் சேற்று மண்ணையே எடுத்துத் தேய்த்தார்கள். வீட்டில் அடுப்புச் சாம்பல், உமி. பட்டறையில் மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து ஒரு டப்பாவில் இருக்கும். அதற்கு மேல் 501 பார் சோப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் மண்ணெண்ணெய் அல்லது டீசல். கை பளிச்சென்று ஆகிவிடும் என்பதால் அதை யாரும் கெடுதலாக நினைக்கவில்லை. ஆனால் டீசலும் மண்ணெண்ணெயும் கிரீஸோடு சேர்த்துத் தோலின் இயற்கையான எண்ணெயையும் எடுத்துவிடும். பல ஆண்டுகள் அப்படிக் கழுவிய டிரைவர்களின் விரல் இடுக்குகளில் தோல் வெடித்துக் கறுப்பு நிரந்தரமாகத் தங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடித் தேய்ந்த பழைய என்ஜின் ஆயிலோ இன்னும் மோசம். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்கள் தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. அந்தக் கையால்தான் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள்.

இன்று ரேஷன் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதில் கை கழுவுவது குறைந்ததுதான் அதனால் நேர்ந்த ஒரே நன்மை என்று எனக்குத் தோன்றுகிறது. கை கழுவும் பசை கடையில் கிடைக்கிறது. அது இல்லாத இடத்தில் ஒரு கரண்டி சமையல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். வறண்ட கையிலேயே எண்ணெயைத் தேய்த்துக் கிரீஸை இளக்கி, துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு சோப்புப் போட வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றினால்தான் கிரீஸ் கையோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும் என்பதை விளக்கெண்ணெய் மை போட்டவர்கள் அறிந்திருந்தார்கள். நடுவில் ஒரு தலைமுறை டீசல் பக்கம் போய்விட்டது.

விளக்கெண்ணெய் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சோப்பு. அந்தச் சோப்பு எது என்பதைப் பொறுத்துத்தான் கிரீஸின் குணம். அன்று வந்த மலிவான கிரீஸ் சுண்ணாம்புச் சோப்பில் செய்தது. தண்ணீரைத் தாங்கும், ஆனால் சூடு ஏறினால் 100 டிகிரிக்கு முன்பே உருகி ஓடிவிடும். சோடியம் சோப்பில் செய்தது சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துவிடும். தொழி அடிக்கும் டிராக்டருக்குத் தண்ணீரும் உண்டு, மதுரை வெயிலில் தார்ச் சாலையில் ஓடும் சூடும் உண்டு. எனவே எந்த இடத்துக்கு எந்த டப்பா என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. 1942-இல் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் காப்புரிமை பெற்ற லித்தியம் கிரீஸ் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. தண்ணீரையும் தாங்கும், 180 டிகிரி வரை உருகவும் செய்யாது. இன்று உலகில் தயாராகும் கிரீஸில் பாதிக்கு மேல் லித்தியம் வகைதான். கடைகளில் ஏபி3 என்றோ சர்வோ ஜெம் என்றோ கேட்டு வாங்குவதில் பெரும்பாலானது இந்த வகை.

அந்த லித்தியம் சோப்பைச் செய்ய வேண்டிய கொழுப்பு அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கப்படுகிறது. வரப்பிலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்த ஆமணக்கின் கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சி இருசுக்குத் தடவினார்கள். அதே கொட்டை இப்போது பெரும்பாலும் குஜராத்தில் விளைந்து, ஆலைக்குப் போய், ஹைட்ரஜன் ஏற்றப்பட்டு, லித்தியத்தோடு சேர்ந்து, பெட்ரோலிய எண்ணெயைப் பிடித்துக்கொண்டு, தகர டப்பாவில் மேலூருக்கு வருகிறது. இதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நம் பாட்டன்மார்கள் விரலால் கண்டுபிடித்த பதத்துக்கும் ஆலையின் கணக்குக்கும் நடுவில் ஆமணக்கு அறுபடாமல் நிற்கிறது. ஆனால் ஒன்று அறுந்துவிட்டது. மையில் இருந்தது முழுவதும் செடியிலிருந்து வந்தது. கிரீஸில் செடியிலிருந்து வந்தது கொஞ்சம். மற்றது தரைக்கடியிலிருந்து வந்தது. குப்பைக்குழியில் போட்டால் அது எருவாகாது.

இன்றைய டிராக்டரைப் பார்ப்போம். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் புது வகைகளில் முன் அச்சே ஆயில் நிரப்பி மூடிய பெட்டி. நிப்பிள்கள் குறைந்திருக்கின்றன. பேரிங்குகள் பல, தயாராகும்போதே கிரீஸ் அடைத்து வாய் மூடப்பட்டு வருகின்றன. மீட்டரில் மணிக்கணக்கு ஓடுகிறது. 10 மணி நேரத்துக்கு ஒருமுறை எது, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எது என்று புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் பிடித்த வேலை, சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வேட்டி கட்டி டிராக்டர் ஓட்டும் பெரியவர் வேட்டி கறைபடாமல் வீடு திரும்ப முடிகிறது. இது சின்ன விஷயமில்லை. வீட்டுப் பெண்கள் கிரீஸ் கறைபட்ட துணிகளை எவ்வளவு நேரம் கல்லில் அடித்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால், மூடி வைத்த பேரிங்குக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆனால் வேலை முழுவதும் போய்விடவில்லை. டிராக்டரிலிருந்து பின்னால் மாட்டும் கருவிக்கு நகர்ந்திருக்கிறது. அஞ்சு கலப்பைக்கும் ஒன்பது கலப்பைக்கும் கிரீஸ் பெரிதாகத் தேவையில்லை. இரும்பு மண்ணைக் கிழிக்கும், அவ்வளவுதான். ரொட்டவேட்டர் அப்படியில்லை. டிராக்டரின் பின்னால் சுழலும் பிடிஓவிலிருந்து அதைச் சுற்றவைக்கும் தண்டின் இரு முனையிலும் கிராஸ் என்ற சிலுவை வடிவ இணைப்பு இருக்கிறது. உள்ளே மெல்லிய ஊசி போன்ற உருளைகள். அதற்கு நாள்தோறும் கிரீஸ் வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருப்பதால், தண்டைச் சுற்றி நிப்பிளைத் தேடிப் பிடிக்க வேண்டும். புது டிராக்டரின் அச்சு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு இதுவும் அப்படித்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் நடு வயலில் கிராஸ் உடைந்து தண்டு துள்ளும்போதுதான் தெரியும். நெல் அறுக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்கிலிகளும் உருளைகளும் கத்திகளுமாக அதன் நிப்பிள்களை எண்ணிக்கொண்டு போனால் ஒரு காலை போய்விடும்.

சோதனை போனதுதான் எனக்கு வருத்தம். கையால் கிரீஸ் அடித்த காலத்தில் டிரைவர் தினமும் டிராக்டருக்கு அடியில் குனிந்தார். குனிந்ததால் போல்ட் தளர்ந்ததைப் பார்த்தார், டயரில் முள் ஏறியதைப் பார்த்தார், டீசல் குழாய் கசிவதைப் பார்த்தார். இன்று டிராக்டர் பல கை மாறி ஓடுகிறது. வாடகைக்கு ஓட்டுகிறவர், மணிக்கணக்கில் காசு பேசுகிறவர், அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்து பதிவு செய்து எடுக்கிறவர் என்று உழவு நடக்கிறது. சிறு உழவருக்கு இதனால் பெரிய ஆறுதல். டிராக்டர் வாங்கக் கடன்பட வேண்டாம், மாடு கட்டிக் காக்க வேண்டாம். ஆனால் மணிக்கணக்கில் ஓடும் டிராக்டரில் கிரீஸ் அடிக்கும் நேரம் யாருடைய கணக்கில் என்பது தீராத கேள்வி. உழவருடைய மணியில் அடித்தால் அவருக்குக் கசக்கிறது. டிரைவருடைய மணியில் அடித்தால் அவருக்குக் கசக்கிறது. நடுவில் கிங்பின் தேய்கிறது.

கழுவும் முறையும் மாறிவிட்டது. முன்பு உழவு முடிந்த டிராக்டரை மாடு குளிப்பாட்டிய அதே கண்மாய்க்கரையில் நிறுத்தி, வாளியால் மொண்டு ஊற்றி, தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். இன்று திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தச் சாலையிலும் வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். காய்ந்த களி நொடியில் கழன்று விழும். வேலை சுத்தமானது, விரைவானது. ஆனால் அந்த அழுத்தம் சேற்றை மட்டும் தள்ளுவதில்லை. இணைப்பின் வாயில் நேராகப் பிடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியேற்றிவிடும். கழுவி வந்த டிராக்டர் மினுங்குவதைப் பார்த்துத் திருப்திப்பட்டு ஓட்டிக்கொண்டு போகிறவர், ஈரமான பேரிங்கோடு போகிறார். கழுவி, காயவிட்டு, கிரீஸ் அடித்து, பிதுங்கியதை வழித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். பழைய ஆட்கள் இதே வரிசையில்தான் செய்தார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் இன்றும் எல்லா வீட்டிலும் இந்த வரிசை தப்புவதில்லை. மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்காகத் துடைக்கும்போது நிப்பிளும் துடைபடுகிறது.

மாட்டுப் பொங்கலுக்கும் இப்போது டிராக்டர் மாலையோடு நிற்கிறது. 2025-இல் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் சிறந்த காளையின் உரிமையாளருக்குக் கிடைத்த பரிசு டிராக்டர். காளையை வளர்ப்பது பெருமைக்கு, உழுவதற்கு டிராக்டர் என்று வேலை பிரிந்துவிட்டது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நுகத்தடிப் புண்ணோடு சித்திரை வெயிலில் நின்ற மாடுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பிரிவினையை மனதார ஏற்றுக்கொள்வார்கள்.

ஏற்க முடியாதது அழுக்கு போய்ச் சேரும் இடம். அன்றைக்கு அழுக்கு கையில் இருந்தது, வேட்டியில் இருந்தது, டிராக்டர் நின்ற வேப்பமரத்தடியில் ஒரு கறுப்புத் திட்டாக இருந்தது. செய்தவன் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று கை சுத்தமாக இருக்கிறது. தண்ணீரோடு அடித்துச் செல்லப்பட்ட கிரீஸும் டீசலும் சர்வீஸ் ஷெட்டின் பின்பக்க வாய்க்காலில் இறங்கி, மழை வந்தால் கண்மாய்க்குப் போகிறது. எண்ணெயும் தண்ணீரும் பிரியும் தொட்டி கட்டிய ஷெட்டுகளும் இருக்கின்றன; கட்டாதவையும் இருக்கின்றன. காலி கிரீஸ் டப்பா, கறை ஏறிய பனியன் துணி, மாற்றிய ஆயில் ஃபில்டர் எல்லாம் வீட்டுக் குப்பையோடு சேர்ந்து ஊர் எல்லையில் எரிகின்றன. முன்பு மாற்றிய என்ஜின் ஆயிலைக் கரையான் அரிக்காமல் இருக்க வீட்டு உத்திரத்துக்கும் வேலிக்கல்லுக்குப் பதில் நட்ட மரக்கட்டைக்கும் பூசுவார்கள். அதைச் சிக்கனம் என்று மதித்தோம். மழை அதைக் கழுவிக் கிணற்றுக்குக் கொண்டுபோனதை மதிக்கவில்லை. ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் வைக்கும் சீமையில் அந்தக் கணக்கை எல்லாப் பட்டறைச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

சட்டம் வந்திருக்கிறது. அபாயகரமான கழிவுகளுக்கான 2016 விதிகளில் பழைய ஆயிலும் இடம்பெற்றிருக்கிறது. 2023-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஆயிலைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களே பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்வதற்கும் பொறுப்பு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறை. பெரிய பட்டறைகளில் பேரல் நிறைந்ததும் எடுத்துப்போக ஆள் வருகிறார். பழைய ஆயிலுக்குக் காசும் கிடைக்கிறது. வழித்தெடுத்த கிரீஸுக்கு விலை இல்லை. ஆகவே அதற்கு ஆளும் இல்லை. ஒரு டிராக்டரில் ஒரு நாளைக்குச் சேர்வது ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை அளவு எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

உரமும் விதையும் வாங்க உழவர்கள் போகும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க வாசலில் மூடி போட்ட ஒரு டிரம் வைத்தால் இதில் பாதி தீரும். வழித்த கிரீஸ், கறைத் துணி, ஃபில்டர், காலி டப்பா எல்லாம் அதில். நிறைந்ததும் ஆயில் எடுக்க வருகிறவரோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்யலாம். ஆயில் விற்கும் நிறுவனங்களிடம் அந்தச் செலவைக் கேட்கச் சட்டத்தில் இப்போது ஒரு பிடி இருக்கிறது. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி 1965-இலிருந்து இந்தச் சீமையின் உழவர்களோடு பேசி வருகிறது. பயிர் பற்றிச் சொல்லும்போது டிராக்டரைத் துடைத்த துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். கள்ளந்திரி வரைக்கும் ஜூனில் தண்ணீர் திறப்பது வழக்கம். மே மாதத்திலேயே டிரம்மை வைத்துவிட்டால், தொழி அடிக்க டிராக்டர்கள் இறங்கும் முதல் நாளிலிருந்தே வழித்த கிரீஸை எங்கே போடுவது என்று டிரைவர்களுக்குத் தெரிந்திருக்கும்.